போர்ட் காணவில்லையா? டிரைவரில் தொடங்காதீர்கள்

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டை யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியில் செருகியதும் சிவப்பு எல்இடி எரிகிறது. ஆனால் போர்டுக்கு நிரல் எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ-யின் போர்ட் பட்டியல், அதாவது கணினி போர்டோடு பேசும் வாயில்களின் பட்டியல், காலியாகக் கிடக்கிறது. உடனே கை போவது, சாதனத்தோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருளான டிரைவரைத் தேடுவதற்குத்தான். கண்ணில் பட்ட நான்கு டிரைவர்களை இறக்கி நிறுவி, கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டு, கடைசியில் பார்த்தால் பழுது கேபிளில் இருக்கும். அதற்குள் அந்த நான்கு டிரைவர்களும் கணினியில் குடியேறியிருக்கும். பின்னால் உண்மையிலேயே டிரைவர் சிக்கல் வரும்போது எது எதை இழுக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

போர்டும் கணினியும் பேசத் தொடங்குவதற்குள் ஐந்து படிகள் கடந்தாக வேண்டும். முதலில் 5 வோல்ட் மின்சாரம். அடுத்து, டேட்டா கம்பிகள் வழியாகக் கணினி ‘நீ யார்’ என்று கேட்டுப் பதில் பெறுவது. மூன்றாவது, அந்தப் பதிலுக்குப் பொருந்தும் டிரைவர் ஏறுவது. நான்காவது, அதனால் உருவான காம் போர்ட்டை (விண்டோஸ் போர்டுக்குத் தரும் தொடர்பு வாயில்) ஐடிஇ திறப்பது. ஐந்தாவது, போர்டில் உள்ள முதன்மைச் சிப் பூட்லோடருக்குள், அதாவது புது நிரலை வாங்கிப் பதிக்கும் சிறு நிரலுக்குள், போய்ப் பதில் சொல்வது. டிரைவருக்கு வேலை மூன்றாம் படியில் மட்டும்தான். எந்தப் படியில் வண்டி நின்றது என்பதை அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும்.

சத்தம் வருகிறதா?

விண்டோஸில், இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு போர்டைச் செருகுங்கள், பிடுங்குங்கள், மறுபடி செருகுங்கள். ஒவ்வொரு முறையும் ‘டிங்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். பட்டியல் ஒருமுறை சிமிட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கணினிக்குப் போர்டு வந்ததே தெரியவில்லை. இந்த நிலையில் எந்த டிரைவரை நிறுவினாலும் பயனில்லை.

எல்இடி எரிவது 5 வோல்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளுக்குள் சிவப்பு, கறுப்பு என இரண்டே கம்பிகள். பச்சையும் வெள்ளையும், அதாவது டேட்டா கம்பிகள், இருக்காது. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கேபிளின் தடிமனும் உதவாது. அதே கேபிளில் கைப்பேசியை இணைத்துக் கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை. மல்டிமீட்டர் இருந்தால் கன்டினியூட்டி (கம்பி அறாமல் இருக்கிறதா என்ற சோதனை) வைத்து, ஏ-வகை முனையின் நான்கு தகடுகளில் நடுவில் உள்ள 2, 3 ஆகியவை மறுமுனை வரை போகின்றனவா என்று பாருங்கள். தேறிய கேபிளில் ஒரு பட்டையை ஒட்டி, போர்டு வேலைக்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. தேறாததை வீட்டுக் கேபிள்களோடு கலந்து விட்டால் அது எப்படியாவது மேசைக்குத் திரும்பி வந்துவிடும்.

டைப்-சி போர்டுகளில் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. இரு முனையிலும் சி உள்ள கேபிளில் எல்இடியே எரியாது. ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில் நன்றாக எரியும். காரணம் போர்டில் இருக்கிறது. டைப்-சி சாக்கெட்டின் சிசி1, சிசி2 என்ற இரண்டு பின்களிலிருந்தும் கிரவுண்டுக்குத் தலா ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால்தான் எதிர்முனை 5 வோல்ட்டைத் திறந்துவிடும். மலிவுப் போர்டுகள் பலவற்றில் இவற்றை விட்டுவிடுகிறார்கள். சொந்தமாகப் போர்டு வடிவமைப்பவர்கள் இரண்டு பின்களையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் முடித்துவிட வேண்டாம். ராஸ்பெர்ரி பை 4-இன் தொடக்கப் பதிப்பில் நடந்த தவறு இதுதான். உள்ளே சிப் வைத்த சில சி-கேபிள்களில் அது மின்சாரமே பெறவில்லை.

டிரைவர் எந்தச் சிப்புக்கு?

சத்தம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிவைஸ் மேனேஜரில் ‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர் நிற்கிறது. இங்கே ‘ஈஎஸ்பி32 டிரைவர்’ என்று தேடுவதுதான் பொதுவான தவறு. ஈஎஸ்பி32, நானோ, நோட்எம்சியு போன்ற போர்டுகளில் கணினியோடு பேசுவது முதன்மைச் சிப் அல்ல. யூஎஸ்பி சாக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிறிய யூஎஸ்பி-சீரியல் சிப். டிரைவர் அதற்குத்தான். ஒரே பெயரில் விற்கும் இரண்டு போர்டுகளில் இரண்டு வெவ்வேறு சிப்கள் இருப்பது வெகு சகஜம்.

அந்தச் சிப் எதுவென்று அறிய லென்ஸ் தேவையில்லை. மஞ்சள் முக்கோணத்தின் மீது வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் தாவல், அதில் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’. விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (பொருள் எண்) என்று இரண்டு நான்கிலக்க எண்கள் தெரியும். 1ஏ86:7523 என்றால் சிஎச்340. 1ஏ86:55டி4 என்றால் அதன் தம்பி சிஎச்9102. 10சி4:இஏ60 சிபி2102 வகை. 0403:6001 எஃப்டிடிஐ-யின் எஃப்டி232ஆர். 067பி:2303 பிஎல்2303. 2341 என்று தொடங்கினால் அசல் ஆர்டுயினோ. 303ஏ:1001 என்றால் ஈஎஸ்பி32-எஸ்3, சி3 போன்றவற்றில் சிப்புக்குள்ளேயே இருக்கும் யூஎஸ்பி. 2இ8ஏ என்றால் ராஸ்பெர்ரி பை பிக்கோ. 0483:டிஎஃப்11 என்றால் எஸ்டிஎம்32 டிஎஃப்யூ நிலையில், அதாவது யூஎஸ்பி வழியாக நிரலை வாங்கக் காத்து, நிற்கிறது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சிப் தயாரிப்பாளரின் தளத்துக்கே நேராகப் போங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே பொட்டலத்தில்’ என்று விரிக்கும் தளங்களின் பக்கம் போகவே வேண்டாம்.

ஐடி எண் 0000:0002 என்று வந்து, பெயர் ‘டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்றும், பிழை எண் 43 என்றும் காட்டினால் கதை வேறு. ஏதோ ஒன்று செருகப்பட்டது என்று கணினி உணர்ந்தது, பெயர் கேட்டது, பதில் குழறலாக வந்தது அல்லது வரவே இல்லை. எண்ணே தெரியாத சாதனத்துக்கு எந்த டிரைவரைப் பொருத்துவது? கோளாறு முழுக்க மின்னணுப் பக்கம்தான். ஹப்பை நீக்கி, கணினியின் சாக்கெட்டில் நேராக, குட்டையான கேபிளில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் சாக்கெட்டின் டேட்டா பின்களில் ஈயம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்டைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்தே பலர் இதைக் கெடுக்கிறார்கள். சிஎச்340ஜி என்ற வகைக்கு வெளியே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும். அது விழுந்தோ உடைந்தோ போனாலும் இதே 43-தான் வரும். சிஎச்340சி-க்கு அது தேவையில்லை, உள்ளேயே இருக்கிறது.

‘புளூ பில்’ எனப்படும் எஸ்டிஎம்32எஃப்103 போர்டில் இந்த 43-க்குப் பேர்போன காரணம் ஒன்று உண்டு. யூஎஸ்பி முழுவேகச் சாதனம் தன் வருகையைச் சொல்ல டி பிளஸ் கம்பியை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டும். பல புளூ பில் போர்டுகளில் ஆர்10 என்ற இடத்தில் 10 கிலோ ஓம் வைத்திருக்கிறார்கள். சில கணினிகள் இதைப் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. ‘அந்த லேப்டாப்பில் வேலை செய்கிறதே’ என்ற குழப்பத்தின் வேர் இதுதான். ஆர்10-ஐக் கழற்ற வேண்டியதில்லை. பிஏ12 பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 1.8 கிலோ ஓம் ஒன்றை இணையாகப் பற்றவைத்தால் கூட்டு மதிப்பு சுமார் 1.53 கிலோ ஓம் ஆகிவிடும், போதும்.

உண்மையான டிரைவர் கோளாறுகள்

பிழை எண் 28 என்றால் டிரைவரே இல்லை. இது நல்ல செய்தி, நிறுவினால் முடிந்தது. சிபி2102-இன் டிரைவர் ஜிப் கோப்பாக வரும். அதை முழுதாக விரித்து, உள்ளே உள்ள ஐஎன்எஃப் கோப்பின் மீது வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். ஜிப்புக்குள் இருந்தபடியே ஓட்டினால் பாதியில் நிற்கும். பிழை எண் 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. கையொப்பச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் கிடைக்கும். அதைச் செய்யாமல், தயாரிப்பாளரின் புதிய டிரைவரை எடுப்பதே சரி. ஆர்ம் புராசசர் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் வழக்கமான 64 பிட் டிரைவர் ஏறாது. ஆர்ம்64-க்கென்று தனியாக வெளியிட்டிருந்தால்தான் உண்டு.

பிழை எண் 10 இன்னும் சுவாரசியமானது. பிஎல்2303-இன் பழைய எச்எக்ஸ்ஏ, டிஏ வகைச் சிப்களையும் அவற்றின் போலிகளையும் புதிய டிரைவர் வேண்டுமென்றே ஏற்க மறுக்கும். டிவைஸ் மேனேஜரில் பெயருக்குப் பதிலாக, இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்ற வாசகமே வந்து நிற்கும். எஃப்டி232 போலிகளுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த டிரைவர் போலிச் சிப்பின் பிஐடியை 0000 என்று மாற்றி எழுதியது. எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. இன்றும் பழைய மாட்யூல் ஒன்று 0403:0000 என்று காட்டினால் அது அந்தக் காலத்துக் காயம்.

சிஎச்340-இல் நிலைமை இன்னும் நுணுக்கமானது. போர்ட் தெரியும், மஞ்சள் முக்கோணம் இருக்காது, ஆனால் நிரலை ஏற்றும்போது, ஈஎஸ்பி சிப்களில் எழுதும் கருவியான ஈஎஸ்பிடூல் பிழை எண் 31-ஐக் காட்டி, கணினியோடு இணைந்த சாதனம் வேலை செய்யவில்லை என்று நிற்கும். விண்டோஸ் அப்டேட் கொண்டுவந்த புதிய டிரைவரும் சில போலிச் சிப்களும் ஒத்துப்போகாததே காரணம். 3.5.2019.1 என்ற பழைய பதிப்புக்குத் திரும்பினால் சரியாகிவிடும்.

பழையதுக்குத் திரும்பும் வழி எல்லாச் சிப்புக்கும் ஒன்றுதான். முதலில் பழைய டிரைவரை நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மீது வலது கிளிக், அப்டேட் டிரைவர், ‘பிரௌஸ் மை கம்ப்யூட்டர்’, அதன் பிறகு ‘லெட் மீ பிக்’ என்று தொடங்கும் வரி. அங்கே ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிப்புகள் வரிசையாக நிற்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவர் தாவலில் ‘ரோல் பேக்’ பொத்தான் மங்கலாக இருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும். போர்டை வேறு சாக்கெட்டில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக எண்ணிப் புதிய டிரைவரையே மீண்டும் போடலாம். அதை அடியோடு ஒழிக்க, அன்இன்ஸ்டால் செய்யும்போது ‘டிரைவர் மென்பொருளையும் நீக்கு’ என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். அதைச் செய்யும்போது இணையத்தைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் நீக்கிய கையோடு விண்டோஸ் அதையே திரும்ப இறக்கி வைத்துவிடும்.

சிப்புக்குள்ளேயே யூஎஸ்பி உள்ள போர்டுகளுக்கு விண்டோஸ் 10 முதல் தனி டிரைவர் தேவையில்லை. கணினியிலேயே இருக்கும் யூஎஸ்பிசெர் என்ற டிரைவர் போதும். இங்கே வரும் வினை பெரும்பாலும் ஜாடிக் என்ற கருவியால். டிஎஃப்யூ, ஜேடேக் (சிப்பின் பிழைதிருத்த இணைப்பு) வேலைகளுக்கு வின்யூஎஸ்பி டிரைவரை மாட்டிவிட அது அருமையான கருவி. ஆனால் பட்டியலில் எந்த வரியில் நிற்கிறோம் என்று பார்க்காமல் ‘ரிப்ளேஸ்’ அழுத்தினால் காம் போர்ட் மாயமாகிவிடும். ஈஎஸ்பி32-எஸ்3-இல் இன்டர்ஃபேஸ் 0 சீரியலுக்கு, இன்டர்ஃபேஸ் 2 ஜேடேக்குக்கு. வின்யூஎஸ்பி போக வேண்டியது 2-க்கு மட்டும். தவறி 0-இல் போட்டுவிட்டால், அன்இன்ஸ்டால் செய்து, டிரைவரை நீக்கும் டிக்கையும் போட்டு, போர்டைப் பிடுங்கிச் செருகுங்கள். யூஎஸ்பிசெர் தானாகத் திரும்பி வரும்.

போர்ட் தெரிகிறது, திறக்க மறுக்கிறது

‘ஆக்சஸ் இஸ் டினைட்’ என்றால் டிரைவர் நலமாக இருக்கிறது. போர்ட்டை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். இன்னொரு ஜன்னலில் மறந்துபோன சீரியல் மானிட்டர் (போர்டு அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் ஜன்னல்), புட்டி என்ற டெர்மினல் மென்பொருள், பின்னணியில் ஓடும் முப்பரிமாண அச்சு மென்பொருள் ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். அச்சு மென்பொருள் பிரிண்டரைத் தேடி எல்லாக் காம் போர்ட்டுகளையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

போர்ட் எண்ணே தவறாக இருப்பதும் உண்டு. புளூடூத் உருவாக்கும் காம்3, காம்4 போன்றவை பட்டியலில் எப்போதும் இருக்கும். ஐடிஇ அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சிஎச்340-க்குப் பொதுவாகச் சீரியல் எண் கிடையாது. ஆகவே கணினியின் ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒவ்வொரு காம் எண் கிடைக்கும். எப்போதும் ஒரே சாக்கெட்டில் செருகினால் இந்தத் தொல்லை இல்லை.

லியோனார்டோ, புரோ மைக்ரோ போன்ற, ஏடிமெகா32யூ4 சிப் உள்ள போர்டுகளில் போர்ட் எண் நிரல் ஏற்றும் நடுவிலேயே மாறும், அது இயல்பு. ஐடிஇ 1200 பாட் வேகத்தில் போர்ட்டைத் திறந்து மூடும். அதைக் கண்டு போர்டு பூட்லோடருக்குத் தாவி, வேறு பிஐடியோடு வேறு போர்ட்டாக 8 நொடி நிற்கும். ஏற்கெனவே ஏற்றிய நிரல் யூஎஸ்பியைக் குலைத்துவிட்டிருந்தால் இந்தத் தாவல் நடக்காது. அப்போது அப்லோட் அழுத்தி, தொகுப்பு முடிந்து ஏற்றத் தொடங்கும் நொடியில் ரீசெட்டை இருமுறை சட்டென்று தட்டுங்கள். பிக்கோவில் இதற்கு பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் போதும், ஆர்பிஐ-ஆர்பி2 என்ற பெயரில் பென்டிரைவ் போல வந்து நிற்கும்.

வை-ஃபை தொடங்கியதும் போர்ட் மறைந்து திரும்ப வருகிறதா? அது மின்சாரம். ஈஎஸ்பி32 வை-ஃபையில் அனுப்பும்போது உச்சமாக 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், யூஎஸ்பி 2.0 சாக்கெட் தருவது 500. சர்வோ மோட்டாரையும் அதே 5 வோல்ட்டில் தொங்கவிட்டால் மிச்சம் எங்கிருந்து வரும்? சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ (மின்னழுத்தம் தாழ்ந்தது) என்ற சொல் தென்பட்டால் மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக இணையுங்கள்.

லினக்ஸ், மேக்

லினக்ஸில் மேலே சொன்ன சிப்களுக்கான டிரைவர்கள் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) உண்டு. தளத்திலிருந்து இறக்கித் தொகுக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைத் தொடர்ந்து ஓடும்படி விட்டுவிட்டுப் போர்டைச் செருகினால் நடப்பதெல்லாம் வரி வரியாகத் தெரியும். தனிச் சிப் வழி வரும் போர்ட் பெரும்பாலும் டிடிஒய்யூஎஸ்பி0 என்றும், உள்ளமைந்த யூஎஸ்பி டிடிஒய்ஏசிஎம்0 என்றும் வரும். அனுமதி மறுக்கப்பட்டால் பயனரை டெபியன், உபுண்டுவில் டயல்அவுட் குழுவிலும், ஆர்ச்சில் யூயூசிபி குழுவிலும் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு லாக் அவுட் செய்து திரும்ப வராமல் அது செல்லாது. பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டே காலம் தள்ளுகிறார்கள்.

உபுண்டு 22.04-இல் சிஎச்340 போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்தால் டிமெசேஜில் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் சேவை. 1ஏ86:7523 என்ற எண்ணைப் பிரெய்ல் கருவி என்று எடுத்துக்கொண்டு போர்ட்டைப் பறித்துவிடும். பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர்கள் அந்தப் பொதியை நீக்கிவிட்டுப் போர்டைப் பிடுங்கிச் செருகினால் முடிந்தது. மலிவு சிபி2102 போர்டுகள் இரண்டை ஒன்றாக இணைக்கும்போது இன்னொரு குழப்பம் வரும்; இரண்டிலும் சீரியல் எண் 0001 என்றே இருக்கலாம். சீரியல் எண்ணை வைத்து அமையும் பை-ஐடி முகவரிக்குப் பதில், சாக்கெட்டை வைத்து அமையும் பை-பாத் முகவரியைப் பயன்படுத்துங்கள்.

மேக்கில் டிடிஒய் என்று தொடங்குவதை விட்டு சியூ என்று தொடங்கும் போர்ட்டையே தேர்ந்தெடுங்கள். டிரைவர் நிறுவியும் போர்ட் வரவில்லையென்றால் அமைப்புகளில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்தில் அனுமதி கேட்டு ஒரு வரி காத்துக்கொண்டிருக்கும். மெய்நிகர்க் கணினிக்குள் வேலை செய்பவர்கள் யூஎஸ்பி ஃபில்ட்டரில் போர்டைச் சேர்க்க வேண்டும். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) என்றால் யூஎஸ்பிஐபிடி என்ற கருவி வழியாக இணைக்க வேண்டும்.

எல்லாம் சரி, நிரல் மட்டும் ஏறவில்லை

ஆர்டுயினோவில் நிரலை எழுதும் கருவியான ஏவிஆர்டியூட் ‘நாட் இன் சிங்க்’ என்று பத்து முறை முயன்று நின்றால் போர்ட் திறந்துவிட்டது. மறுபுறம் பதில் இல்லை என்றே பொருள். நானோவில் பழைய பூட்லோடர் 57600 வேகத்திலும் புதியது 115200-லும் பேசும். டூல்ஸ் மெனுவில் புராசசர் வரியை ‘ஓல்டு பூட்லோடர்’ என்று மாற்றிப் பாருங்கள். 0, 1 பின்களில் புளூடூத் மாட்யூலோ ஜிபிஎஸ்ஸோ மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். கணினி பேசும் அதே கம்பியில் அவையும் பேசுகின்றன.

ஈஎஸ்பி32 ‘டைம்டு அவுட்’ என்று நின்றால் பூட் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஐடிஇ-யில் ‘கனெக்டிங்’ வந்து எழுதத் தொடங்கியதும் விடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்ய வேண்டியிருந்தால் போர்டின் தானியங்கி ரீசெட் சுற்று தடுமாறுகிறது. யூஎஸ்பி-சீரியல் சிப்பின் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு கோடுகளும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வழியாக, சிப்பை எழுப்பும் இஎன் பின்னையும், பூட் நிலையைத் தீர்மானிக்கும் ஜிபிஐஓ0 பின்னையும் வரிசையாக இழுக்க வேண்டும். இஎன் சீக்கிரமே எழுந்துவிட்டால் சிப் வழக்கமான நிரலுக்குள் போய்விடும். இஎன்-னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 முதல் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் இஎன் மெதுவாக எழும், பொத்தான் வேலை ஒழியும். நடுவில் எழுதுவது அறுந்தால் 921600 வேகத்தை 115200 ஆக்குங்கள். ஈஎஸ்பி8266 துவங்கும்போது குப்பை எழுத்துகள் கொட்டினால் பயப்பட வேண்டாம், அந்தச் செய்தி 74880 பாட் வேகத்தில் வருகிறது.

இத்தனைக்கும் பிறகு பழி டிரைவர் மீதா, முதன்மைச் சிப் மீதா என்று தெரியவில்லையென்றால் ஒரு ஜம்பர் கம்பியில் தீர்ப்பு கிடைக்கும். யூனோவில் ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு இணைத்து முதன்மைச் சிப்பை உறங்க வையுங்கள். 0, 1 பின்களை ஒன்றோடொன்று இணையுங்கள். ஈஎஸ்பி32 என்றால் இஎன்-னைக் கிரவுண்டோடும், டிஎக்ஸ்0-வை ஆர்எக்ஸ்0-வோடும் இணைக்க வேண்டும். தனி யூஎஸ்பி-சீரியல் சிப் இல்லாத போர்டுகளில் மட்டும் இது செல்லாது. சீரியல் மானிட்டரைத் திறந்து எதையாவது தட்டி அனுப்புங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், சிப், டிரைவர், போர்ட் நான்கும் நிரபராதிகள். இனி டிரைவர் பக்கம் போகாமல் பூட்லோடரையும் ரீசெட் சுற்றையும் பாருங்கள். திரும்பி வராவிட்டால் முதன்மைச் சிப்பைத் தொடாதீர்கள், யூஎஸ்பி சாக்கெட்டிலிருந்து அந்த இரண்டு பின்கள் வரைக்கும்தான் தேட வேண்டிய இடம்.